பஹ்ஜத்தின் கண் விளக்குகள்

எல் மீனாத் துறைமுகத்தில் பஹ்ஜத் மீன் ஏலம் போட்ட காலத்தில் கடற்காகங்கள் காதைப் பொத்திக்கொண்டு பறந்தன. காகத்துக்குக் காது எங்கே, பொத்துவதற்குக் கை எங்கே என்று கேட்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டதில்லை என்று அர்த்தம். அவர் இந்தக் கரையில் நின்று "சுல்தான் இப்ராஹீம் மீன், ஒரு கூடை!" என்று ஆரம்பித்தால், கடலுக்கு அந்தப் பக்கம் சைப்ரஸில் யாரோ ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்புவாள். ஒரே மூச்சில் மீனின் பெயர், அதைப் பிடித்த படகு, படகுக்காரன் எடையில் செய்த திருட்டு, அவன் மாமனார் அதற்கு முன்னால் செய்த திருட்டு எல்லாம் வந்துவிடும். மூச்சு மிச்சமிருந்தால் விலையும் வரும்.

நோய் வந்தபோது அவரிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது அந்தக் குரலைத்தான். எங்கே கை வைத்தால் வீடு விழும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. பிறகு கைகள், கால்கள், கழுத்து. ராத்திரி படுக்கப் போகிறவன் ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வருவதுபோல் அது நிதானமாக வந்தது. கண்களை மட்டும் விட்டுவைத்தது. இமைகள்கூட இப்போது பாதி நேரம் சொல்பேச்சு கேட்பதில்லை.

அந்தக் கண்களைக் கொண்டே அவர் பேசினார். இளைய மகள் லமீஸ் செய்த ஏற்பாடு அது. கணினிக்கும் அதன் உறுப்புகளுக்கும் நடுவே இருந்து பேசிவைக்கும் நிரல்களை எழுதுவதுதான் அவள் தொழில். அப்பாவின் நாற்காலிக்கு எதிரே ஒரு மடிக்கணினியை நிறுத்தி, திரைக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டையை ஒட்டியிருந்தாள். பட்டைக்குள் ஒரு கேமராவும் சின்னச் சின்ன விளக்குகளும் இருந்தன. மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அந்த விளக்குகளுடையது. அது பஹ்ஜத்தின் கருவிழியில் பட்டு மின்னும். அந்த மினுக்கத்தைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அது திரையில் விழும். எழுத்துகள் சேர்ந்து வாக்கியமானதும் மெஷின் வாசிக்கும். மெஷினுக்கு வாய்த்திருந்த குரலோ டிவியில் செய்தி வாசிப்பவருடையது. படகுக்காரனை "அடேய் சுறாமூஞ்சி" என்று அவர் கண்ணால் எழுதினால், நாட்டின் பிரதமர் ராஜினாமா செய்ததை அறிவிக்கும் கம்பீரத்தோடு அது "அடேய் சுறாமூஞ்சி" என்று வாசிக்கும். எல் மீனா ஊரே வந்து கேட்டுவிட்டுப் போனது.

இன்று அந்த மெஷினுக்குள் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. பஹ்ஜத் பல நாட்கள் எழுத்துக்கு எழுத்து கோத்து, ஓரத்தில் ஒரு பொத்தானாகச் சேர்த்துவைத்திருந்தார். ஒரு பார்வை பார்த்தால் போதும், முழு வாக்கியமும் வாசிக்கப்படும்.

இன்று லமீஸுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை கைஸிடம் பெண்ணின் தகப்பன் "என் மகளை உனக்கு மணமுடித்துத் தருகிறேன்" என்று சபையில் சொல்ல வேண்டும். அவன் உடனே "ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். பஹ்ஜத் அந்த வாக்கியத்தின் வாலில் ஒன்றைக் கட்டிவைத்திருந்தார்: தலாக் சொல்லும் உரிமை அவள் கையிலும் இருக்கும் என்று. நிக்காஹ் வாக்கியத்தோடு வாக்கியமாகச் சொல்லி, மாப்பிள்ளையும் ஏற்றுக்கொண்டால் அது செல்லுபடியாகிவிடும். சபை கலைந்த பிறகு அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

ஏன் என்று கேட்டால், மூத்தவள் ருவைதாவைப் பார்த்தால் போதும். அவள் புருஷன் அவளோடு வாழவுமில்லை, அவளை விடவுமில்லை. மார்க்கக் கோர்ட்டின் தாழ்வாரத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சு அவள் உருவத்துக்கே குழிந்துபோனது. சைப்ரஸ் வரைக்கும் கேட்ட குரலை வைத்துக்கொண்டு பஹ்ஜத்தும் அந்தத் தாழ்வாரத்தில் நின்றார். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை. ஒருவழியாக விடுதலை வந்தபோது, தனக்கு வரவேண்டிய எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு, கறுப்பாகப் போன தலைமுடி வெளுத்துத் திரும்பி வந்தாள். அன்றைக்குப் பஹ்ஜத் மனதுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அவர் குரல் போனது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி விலையை முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்னவன் ஏலக்காரனே இல்லை. தம்பி ஃபவாஸிடம் சொன்னால் மறுநாள் மீன்களுக்கே தெரிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் பேரம் பேச ஆரம்பிப்பார்கள். சபையில், எல்லோர் முன்னாலும், செய்தி வாசிப்பவர் குரலில் திடீரென்று விழ வேண்டும், அதுதான் கணக்கு.

மாலை நேர அசர் தொழுகை முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஷேக் முனீப் சோபாவின் நடுவில் அமர்ந்தார். ஒரு பக்கம் கைஸ், அவனை ஒட்டி அவன் தகப்பனார். லமீஸ் உள்ளறையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ருவைதா சர்க்கரை பூசிய பாதாம்தட்டோடு நின்றாள்.

ஃபவாஸ்தான் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தார். அண்ணனின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார், தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரினார், கன்னத்தில் முத்தமிட்டார்.

"அண்ணே, ஒரு போட்டோ. ஷேக்கோட. இந்த அழகுக்கு நடுவுல இந்தக் கறுப்புப் பெட்டி எதுக்கு?"

மூடியின் முதுகில் 'மூடாதே' என்று லமீஸ் ஒட்டியிருந்த தாளை அவர் காலையிலேயே, வீட்டுக்கு அசிங்கம் என்று, உரித்துப் போட்டுவிட்டார். இப்போது இரண்டு விரலால், தூங்கும் குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற பாசத்தோடு, மடிக்கணினியின் மூடியைச் சாத்தினார்.

பஹ்ஜத்தின் தொண்டைக்குள் ஒரு ஏலக்காரன் கூரை பிய்ந்துபோகும்படி கத்தினான். வெளியே ஒரு மூச்சுக்கூட வரவில்லை.

"சிரிங்க அண்ணே!" என்றார் ஃபவாஸ். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவை அப்புறம் யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை; பஹ்ஜத்தின் கண்கள் அதில் அப்படி இருந்தன.

லமீஸ் வந்து வாசலில் நின்றதும் முதலில் பார்த்தது மூடியைத்தான்.

"யார் மூடினது?"

"நான்தான் கண்ணு. ஒரு நிமிஷம். இதோ திறந்துட்டேன் பாரு." ஃபவாஸ் திறந்தார். திரை பளிச்சென்று விழித்தது. எழுத்துகள் எல்லாம் போட்டது போட்டபடி வரிசையாக நின்றன. ஓரத்தில் பஹ்ஜத்தின் பொத்தானும் இருந்தது. "பாத்தியா, ஒண்ணும் ஆகல!"

பஹ்ஜத் பொத்தானைப் பார்த்தார். வழக்கமாக அவர் பார்வையின் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி ஓடிவரும் ஒரு சின்ன வட்டம், திரையின் மூலையில் செத்துக் கிடந்தது. மறுபடி பார்த்தார். அது அசையவில்லை.

லமீஸ் புதுப்பெண் உடையோடு நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தன் கைப்பேசியின் கேமராவைக் கறுப்புப் பட்டைக்கு நேரே பிடித்தாள். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த விளக்குகள் கைப்பேசிக்குத் தெரியும். எரிந்தால் மங்கலான ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். இப்போது ஒன்றும் இல்லை. பட்டை குருடாக இருந்தது.

விசைப்பலகையை மடியில் வைத்து ஏதோ தட்டினாள். திரை பதில் சொன்னது. மறுபடி தட்டினாள். அதே பதில்.

"விளக்கைப் போடுன்னு சொல்றேன். ஏற்கெனவே எரியுதுங்குது."

"பொய் சொல்ற மெஷினை அணைச்சுப் போட்டா சரியாப் போயிடும்," என்று ஃபவாஸ் மெஷினை அணைக்கும் பொத்தானுக்குக் கையை நீட்டினார். நிக்காஹ் நாளில் சொந்தச் சித்தப்பாவின் கையில் ஒரு பெண் அடித்த சத்தம் தெருக்கோடி ஜெனரேட்டர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"தொடாதீங்க சித்தப்பா!"

"என்னம்மா இது?"

"அது பொய் சொல்லல. அதுக்கு அவ்வளவுதான் தெரியும்." அவள் பேசியது சித்தப்பாவிடம் என்றாலும், பார்த்தது அப்பாவைத்தான். வேலை செய்யும்போது அவள் எப்போதும் அவருக்குச் சொல்லிக்கொண்டேதான் செய்வாள். "கணினிக்கும் கேமராவுக்கும் நடுவுல ஒரு தரகன் இருக்கான். நான் எழுதி வெச்சவன். மூடி சாத்தறதுக்கு முன்னாடி அவன் விளக்கைப் போடச் சொன்னான், கேமரா போட்டுச்சு. அதை ஞாபகமா வெச்சிருக்கான். மூடி சாத்தினதும் மெஷின் தூங்கிடுச்சு. தூக்கத்துல கேமராவுக்குக் கரண்ட் நின்னு, அது எல்லாத்தையும் மறந்துட்டு அன்னிக்குப் பொறந்த குழந்தை மாதிரி எழுந்திருக்கு. தரகனுக்கு அது தெரியாது. விளக்கைப் போடுன்னா, 'அதான் போட்டாச்சே, மறுபடி எதுக்குச் சொல்லணும்'னு அந்தப் பக்கமே போக மாட்டேங்கறான்."

"சோம்பேறிப் பயல்," என்றார் ஃபவாஸ்.

"நான்தான் அப்படிக் கத்துக்குடுத்தேன். சொன்னதையே திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்காதேன்னு. தூங்கி எழுந்தா மட்டும் எல்லாத்தையும் முதல்லேருந்து சொல்லணும்னு சேத்துச் சொல்லியிருக்கணும். நாற்காலிக்கு அடியில லாரி பேட்டரி போட்டு வெச்சிருக்கேனே, தூங்கவே போகாத மெஷினுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

கைஸ் மெதுவாகக் கேட்டான்: "அணைச்சுப் போட்டா என்ன ஆகும் லமீஸ்?"

அவள் விசைப்பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பாபாவோட கண்ணு கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டு வருது. மெஷினும் கூடவே கொஞ்சம் கொஞ்சமா பழகியிருக்கு. அந்தப் பழக்கம் முழுக்க இப்ப ஓடிட்டிருக்கற நினைவுல மட்டும்தான் இருக்கு. வெளிய எடுத்து வைக்க நான் வழி வைக்கல. அணைச்சா அது போச்சு. புதுசாப் பழக்கணும்னா, பாபா திரையோட மூலை மூலையா..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். பஹ்ஜத்தின் கண்களால் இப்போது மூலைக்குப் போக முடியாது. அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார். மகள் எத்தனை நாட்களாக இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அவர் முன்னால் சிரித்துப் பேசினாளோ! அறையிலிருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல், தரைவிரிப்பைப் பார்த்தார்கள்.

ஆக, இந்த வெளிச்சம் இப்போது வராவிட்டால், வாக்கியம் மட்டும் போகாது. பஹ்ஜத் இனிப் பேசவே போவதில்லை.

"தரகனைச் சுத்திக்கிட்டு நேரா கேமராகிட்டயே போறேன்," என்றாள் லமீஸ். "அவன் ஞாபகம் வெச்சிருக்கறதை எல்லாம் கக்க வெச்சு, ஒண்ணொண்ணா நானே சொல்றேன்."

திரையில் எண்கள் மழையாக இறங்கின. அவள் மணிக்கட்டு வளையல்கள் விசைப்பலகையில் உரசி உரசிச் சத்தம் போட்டன; கழற்றி ருவைதாவிடம் எறிந்தாள்.

ஷேக் முனீப் நல்லவர்தான். ஆனால் அன்று பழைய டவுனில் அவருக்கு இன்னொரு நிக்காஹ் காத்திருந்தது. இருமினார், மூத்த மகளின் பெயரைச் சேர்த்துப் பஹ்ஜத்தை அழைத்தார். "அபூ ருவைதா கண்ணால சொன்னாலும் போதும். பேச முடியாதவரோட சைகை செல்லும். ஆமான்னு ஒரு தடவை இமைச்சா நான் ஏத்துக்குவேன்."

"அதான் ஷேக்!" ஃபவாஸ் மலர்ந்துபோனார். "என்னை அண்ணனுக்குப் பதிலாப் பேசற வக்கீலா வெச்சுட்டாப் போதும். அண்ணன் மனசுல இருக்கறது எனக்குத் தெரியாதா? முழு வாக்கியத்தையும் நான் சொல்லிடறேன்."

இங்கேதான் பஹ்ஜத் மாட்டிக்கொண்டார். இமைப்பு என்பது கேட்ட கேள்விக்குப் பதில். ஆம், இல்லை, அவ்வளவுதான். யாருமே கேட்கப் போகாத ஒன்றை இமையால் எப்படிச் சொல்வது? தம்பி நிக்காஹ் வாக்கியத்தை அழகாக, கண்ணீரோடு, வால் இல்லாமல் சொல்லி முடித்துவிடுவான். அவன்மேல் தப்பில்லை. அண்ணன் மனசு அவனுக்குத் தெரியும் என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

ருவைதா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவர் ஏதோ சொல்ல வர்றார்," என்று சொல்லி, மெஷின் வருவதற்கு முன்னால் செய்ததுபோல் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். சரியான எழுத்து வரும்போது அவர் இமைக்க வேண்டும். இமைகள் தாமதித்தன, தப்பாக விழுந்தன, திரும்ப ஆரம்பித்தாள். பெரும்பாடுபட்டு ஒரு எழுத்தைப் பிடித்தாள்: "ஷ."

"ஷர்பத்!" என்று கத்தினார் ஃபவாஸ். "நான் சொல்லல? தொண்டை காஞ்சுபோச்சு அண்ணனுக்கு!"

குழாய் வழியே சாப்பிடுகிற மனிதருக்கு ரோஜா ஷர்பத் வந்தது. ஃபவாஸ் பஞ்சில் தோய்த்து அண்ணனின் உதட்டை ஈரமாக்கினார். "இனிப்பா இருக்கா அண்ணே?" என்று அவர் கேட்டபோது கண் கலங்கியிருந்தது. பஹ்ஜத்துக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தன.

"ஆச்சு," என்றாள் லமீஸ். ஒரு விசையைத் தட்டிவிட்டுக் கைப்பேசியைப் பட்டைக்கு நேரே நீட்டினாள். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். இருட்டு.

"எல்லாத்தையும் சொல்லிட்டேனே!" அவள் குரல் முதல்தடவையாக உடைந்தது.

ஷேக் எழுந்து பஹ்ஜத்தின் முன் வந்து குனிந்தார். "அபூ ருவைதா, கேக்கறேன். உங்க தம்பி ஃபவாஸை வக்கீலா ஆக்கறீங்களா? ஆமான்னா ஒரு தடவை இமைங்க. இல்லன்னா ரெண்டு தடவை."

இரண்டு தடவை. அந்த இரண்டாவது இமைப்புதான் இப்போது சந்தேகம். முதலாவது விழுந்து இரண்டாவது விழாமல் போனால், அது ஆம் ஆகிவிடும். பாழாய்ப்போன ஒரு தசையின் சோம்பலில் மகளின் வாழ்க்கை எழுதப்பட்டுவிடும். பஹ்ஜத் வாழ்நாளெல்லாம் எத்தனையோ பேரை முறைத்திருக்கிறார். ஒரு தடவை அவர் முறைத்த முறைப்பில் திமிங்கிலமே எடையைச் சரியாகக் காட்டியதாகச் சொல்வார்கள். இப்போது அந்த முறைப்பையெல்லாம் ஒன்றுதிரட்டி இமையைத் திறந்தபடி பிடித்தார். இமைக்கவே இல்லை. காற்று கருவிழியில் மணலாக உரசியது. கண் எரிந்தது, நீர் கோத்தது, கன்னத்தில் இறங்கியது. ஷேக்கும் காத்துக்கொண்டே நின்றார்.

"அவர் இமைக்கல ஷேக்," என்றாள் ருவைதா. "இமைக்க மாட்டேங்கறார்."

"மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்களே," என்றார் கைஸின் தகப்பனார்.

ஷேக் நிமிர்ந்தார். "அது பொண்ணோட மௌனம் சார். வெக்கத்துல பேச மாட்டாளேன்னு அவளுக்குக் குடுத்த சலுகை. எல் மீனா ஏலக்காரனோட மௌனம் எந்தச் சட்டக் கிதாபுலயும் சம்மதம் இல்ல." திரும்பப் போய் உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றிவைத்தார். "பழைய டவுன் மாப்பிள்ளை காத்திருக்கட்டும். அவனுக்கும் பொறுமை பழகணும். நீ பண்ணும்மா."

லமீஸ் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்களை மறுபடி மேலிருந்து வாசித்தாள். பாதியில் நின்றாள்.

"மடச்சி," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். "வரிசை எண்படி சொல்லியிருக்கேன் பாபா. கேமரா முழிக்கறதுக்கு முன்னாடியே காதுல கத்தியிருக்கேன். முதல்ல கரண்ட் போகணும். அப்புறம் அதோட கடிகாரம் துடிக்கணும். துடிச்சாத்தான் அதுக்குக் காதே கேக்கும். விளக்கெல்லாம் கடைசியில."

வரிசையை மாற்றினாள். கரண்ட்டை அனுப்பினாள். கடிகாரத்தை அனுப்பினாள். பிறகு கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு மூச்சு சும்மா இருந்தாள். சின்னதொரு பொருள் கண்விழிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். அதற்கப்புறம்தான் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொன்னாள்.

கைப்பேசித் திரையில் ஊதாப் புள்ளிகள் பூத்தன.

திரையின் மூலையில் செத்துக் கிடந்த வட்டம் ஒரு துள்ளு துள்ளி, நடுங்கி, பஹ்ஜத்தின் பார்வையைத் தேடிக்கொண்டு ஓடிவந்தது. பழகிய பார்வையை அது மறக்கவில்லை. கேமராதான் மறந்திருந்தது.

பஹ்ஜத் வேறெங்கும் பார்க்கவில்லை. நேரே ஓரத்துப் பொத்தானைப் பார்த்தார். கைஸ் பதறிப்போய் நிமிர்ந்து உட்கார்ந்தான். செய்தி வாசிப்பவரின் குரல் அறையை நிறைத்தது:

"அல்லாஹ்வின் பெயரால். என் மகள் லமீஸை, அவள் சம்மதத்தோடு, உனக்கு மணமுடித்துத் தருகிறேன். தலாக் உரிமை அவள் கையிலும் இருக்கும் என்ற ஷரத்தோடு."

முதலில் வாய் திறந்தது ஃபவாஸ்தான்.

"அண்ணே!" என்றார் ஃபவாஸ். கையில் ஷர்பத் பஞ்சு இன்னும் இருந்தது. "அப்ப... ஷ... ஷர்பத் இல்லையா?"

கைஸின் தகப்பனார் எழுந்துவிட்டார். "இது பேச்சுல இல்லாத விஷயம். எங்க வீட்டுல எந்தப் பொண்ணுக்கும் இப்படி இல்ல."

"உக்காருங்க சார்," என்றார் ஷேக். "ஷரத்து மார்க்கத்துக்குள்ளதான் இருக்கு. ஏத்துக்கறதும் மறுக்கறதும் மாப்பிள்ளை பாடு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம்." அவர் பஹ்ஜத்தைப் பார்த்தார். "அவ சம்மதத்தோடன்னு சொல்றீங்க அபூ ருவைதா. அவளைக் கேட்டீங்களா?"

லமீஸ் தரையில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கினாள். முக்காடு சரிந்திருந்தது, நெற்றியில் வியர்வை.

"இதுக்காகவா பாபா? இத்தனை நாளும் மெஷினுக்குள்ள வெச்சிருந்தீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை?"

பஹ்ஜத் தம்பிமேல் கோபப்பட்டாரே, அண்ணன் மனசு எனக்குத் தெரியாதா என்று அவன் சொன்னதற்கு? மகள் மனசு தனக்குத் தெரியும் என்றுதானே அவரும் பொத்தான் செய்துவைத்திருந்தார். ருவைதாவுக்கு நேர்ந்ததை இவள் பார்த்தவள், வேண்டாம் என்றா சொல்லப் போகிறாள் என்று. தான் கேட்கவே இல்லை என்பது அவர் நினைவுக்கே வந்திருக்கவில்லை.

பொத்தான்களை விட்டுவிட்டு எழுத்துகளுக்கு வந்தார். ஒவ்வொன்றாகத் தேடினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வட்டம் எழுத்துக்கு எழுத்து நொண்டி நொண்டிப் போனது. இந்தக் கரையில் தகப்பன் மகளைச் செல்லமாக அழைப்பதும் பாபா என்றுதான். அங்கிருந்துதான் அவர் ஆரம்பித்தார்.

"பாபா. கேக்கல. தப்பு. இப்ப கேக்கறேன். உனக்கு வேணுமா?"

லமீஸ் வாசல்பக்கம் பார்த்தாள். ருவைதா வளையல்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தலையசைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. தங்கையின் பதிலில் தன் நிழல்கூட விழக் கூடாது என்பதுபோல் நின்றாள்.

"நீ வேணாம்னு சொன்னாலும் சரி, வேணும்னு சொன்னாலும் சரி," என்று கைஸ் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா," என்றார் அவன் தகப்பனார்.

லமீஸ் எழுந்து நின்றாள். உடையை உதறினாள். "வேணும் பாபா. ஆனா என் கையில இருக்கப்போறதை உங்க கண்ணால வாங்கிக்கறது நல்லா இல்ல. ஷேக், அந்த வாக்கியத்தை நானே சொல்லலாமா?"

ஷேக் முனீப் தாடியைத் தடவினார். "எங்க மத்ஹபுச் சட்டத்துல இடம் இருக்கு. யாரும் சொல்றதில்ல, அவ்வளவுதான். தகப்பன் ஒத்துக்கணும்னு நான் ஆசைப்படுவேன்."

எல்லோரும் மறுபடி பஹ்ஜத்தைப் பார்த்தார்கள். அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது; இல்லை என்று சொன்னால் அது பொய். எத்தனை நாள் கோத்த வாக்கியம்! உயிரோடு இருக்கும்போதே தன் மகளைத் தன் வாயால் ஒருதரம் கொடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்த வருஷத்தை அவர் தள்ளிவந்திருந்தார். ஆனாலும் அவர் பழைய ஏலக்காரன். தான் கூவிய விலைக்கு மேலே கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தால், கூவியவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு, அவளுக்கே என்று கையைத் தட்ட வேண்டும்.

மூன்று எழுத்துகளைப் பார்த்தார். "சொல்லு," என்றது குரல்.

லமீஸ் சொன்னாள். மெஷினின் கம்பீரம் அதில் இல்லை. ஆனால் ஷரத்து வரும் இடத்தில் நிறுத்தி, தெளிவாக, கைஸின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

கைஸின் தகப்பனார் மகனின் முழங்கையைப் பிடித்தார். கைஸ் அந்தக் கையின்மேல் தன் கையை மரியாதையாக வைத்து, மெல்ல எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டு, "ஏற்றுக்கொண்டேன்," என்றான். முகம் வெளுத்திருந்தது, இன்று ராத்திரி வீட்டில் தகப்பனாரிடம் கேட்கப்போவது அவனுக்கு இப்போதே கேட்டிருக்கும். "அதே ஷரத்தோட ஏற்றுக்கொண்டேன்."

ருவைதா நாக்கைச் சுழற்றி எழுப்பிய குலவைச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் ஆடின. அப்பாவின் தொண்டை எங்கே போயிற்று என்று எல் மீனா ஊர் இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்தது; அவளிடம்தான் இருந்திருக்கிறது. ஃபவாஸ் தன் நெஞ்சிலேயே ஷர்பத்தைக் கொட்டிக்கொண்டு அழுதார். எதற்கு அழுகிறார் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் முழு மனசோடு அழுதார்.

ஷேக் முனீப் துஆப் பிரார்த்தனைக்குக் கைகளை ஏந்தினார். எல்லோரும் ஏந்தினார்கள். பஹ்ஜத்தால் ஏந்த முடியவில்லை. கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. துடைக்கத் தெரியாத கண்ணீர். விளக்குகளின் வெளிச்சம் அந்த நீரில் பட்டுத் தாறுமாறாகச் சிதற, வட்டம் திரை முழுக்கப் பைத்தியம்போல் ஓடிற்று. எழுத்துகள் கண்டபடி விழுந்தன. மெஷின் அவற்றையெல்லாம் சேர்த்து, எந்த மொழியிலும் இல்லாத ஒரு நீண்ட வாக்கியத்தை, மிகுந்த பொறுப்போடும் உச்சரிப்புச் சுத்தத்தோடும் வாசித்து முடித்தது.

லமீஸ் அணைக்கப் போனாள். ஷேக் கண்ணாலேயே தடுத்தார்.

"ஆமீன்," என்றார்.

"ஆமீன்," என்றது வீடு.